அப்பாவின் கைகளைப் பிடித்த நாள்

எங்கள் அப்பாவுக்கு அடிப்பதுதான் பேச்சு. ஈரோட்டில் ஆள் வைத்து விசைத்தறி ஓட்டினார். நூல் அறுந்தால் தறிக்காரருக்கு அறை, குழம்பில் உப்புக் கூடினால் அம்மாவுக்கு அறை. என் பன்னிரண்டாம் வயதில் இடது மணிக்கட்டை முறித்தார். மழைக்காலத்தில் இன்றும் வலிக்கிறது.

தொண்ணூறுகளின் கடைசியில், எழுபது தாண்டியவருக்கு வலது கண்ணின் கீழிமை உள்பக்கம் மடங்கிக்கொண்டது. இமைமுடிகள் கருவிழியில் உரசின. வலியில் கண்ணை இறுக்குவார். இறுக்க இறுக்க இமை இன்னும் உள்ளே போகும். அம்மா வாரம் ஒருமுறை சாமணத்தால் அந்த முடிகளைப் பிடுங்குவாள். முடிக்கு ஓர் அறை வாங்குவாள். திரும்ப முளைத்தவை கட்டையாகக் குத்தின. ஒருநாள் சாமணத்தைப் பறித்து அவள் முகத்திலேயே எறிந்தார். புருவத்தில் நான்கு தையல்.

அம்மாவுக்குத் தையல் போட்ட கையோடு அவரை பஸ் ஏற்றி ஆர்.எஸ்.புரத்தில் ஒரு கண் டாக்டரிடம் இழுத்துப்போனேன். கருவிழியில் புண் என்றார் டாக்டர். அப்பாவுக்கு இடது கண் எப்போதோ போய்விட்டது. இருந்தது இது ஒன்றுதான். இமையைத் திருப்பித் தைக்கும் ஆபரேஷனுக்கு அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. புதிதாக ஓர் ஊசி வந்திருக்கிறது, துளி விஷம்தான், இமைத்தசை இறுக்குவதை நிறுத்தும், மூன்று மாதம் தாங்கும், பிறகு மறுபடி போடவேண்டும் என்றார் டாக்டர்.

"எனக்கே வெசம் வெக்கறயா, அம்மணி?" என்றார் அப்பா, மகள் என்னைப் பார்த்து.

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது.

ஊசி அருகே வந்ததும் அவர் கை வீசியதில் நர்ஸின் தட்டு பறந்தது. அசைந்தால் ஊசி கண்ணுக்குள் போய்விடும், போடமாட்டேன் என்று டாக்டர் பின்வாங்கினார். நர்ஸைத் தலையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, அப்பாவின் இரண்டு மணிக்கட்டையும் நாற்காலிக் கையோடு அழுத்தினேன். உதைத்தார். வாய்க்கு வந்தபடி ஏசினார். தொடைமேல் முழங்காலை ஏற்றினேன். என் இடது மணிக்கட்டு விண்விண் என்று தெறித்தது.

"முடிஞ்சுதுங்க, உடுங்க" என்று டாக்டர் இரண்டாம் முறை சொன்ன பிறகுதான் விட்டேன். அப்பா கையில் என் விரல்கள் சிவப்பாகப் பதிந்திருந்தன. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கப்படவில்லை.

நான்காம் நாள் இமை வெளியே திரும்பியது. புண்ணும் ஆறியது. அந்த வாரமே தறிக்காரரை அறைந்தார்.

மூன்று மாதத்தில் கண் மறுபடி சிவந்தது. அதே நாற்காலி. டாக்டர் ஊசியில் மருந்தை ஏற்றும்போதே அப்பா இரண்டு கையையும் என்னிடம் நீட்டினார்.

"கெட்டியாப் புடிச்சுக்க, அம்மணி. உட்டா அடிச்சுப்போடுவேன்."

அடிப்பதற்கு முன்னால் அடிப்பேன் என்று அவர் சொன்னது அதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. போன தடவையைவிட இறுக்கிப் பிடித்தேன்.