பளபளக்காத கறுப்பு

என் அண்ணிக்கு எதைத் தொட்டாலும் அருவருப்பு என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. பேருந்தில் கம்பியைப் பிடிக்கமாட்டாள். அடுத்தவர் வீட்டு டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். அப்படிப்பட்டவள் ஒன்பது வருடம் வேலை பார்த்த இடம், பழைய வண்டிகளை வாங்கி விற்கும் ஒரு யார்டு. எண்ணெயும் புழுதியும் எலிப் புழுக்கையுமாகக் கிடக்கும் அந்த இடத்தில் எப்படித்தான் காலம் தள்ளினாளோ.

அவளுடைய வேலை வண்டிகளின் வெளிப்பக்கத்தில் இருக்கும் கறுப்புப் பிளாஸ்டிக்கைப் பார்த்துக்கொள்வது. பம்பர், சக்கரத்துக்கு மேலே வளைந்திருக்கும் பட்டை, பக்கக் கண்ணாடியின் உறை, வைப்பருக்குக் கீழே இருக்கும் சல்லடை. புதிதில் கன்னங்கரேலென்று இருப்பதெல்லாம் வெயில் பட்டுப் பட்டுச் சாம்பல் பூத்துவிடும். என்ஜின் எவ்வளவு நன்றாக ஓடினாலும், பம்பர் வெளுத்த வண்டியை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதை மறுபடியும் கறுப்பாக்குவதுதான் அண்ணியின் பிழைப்பு.

அவள் வருவதற்கு முன்னால் அங்கே ஒரு வாளி இருந்ததாம். என்ஜினிலிருந்து வடித்த பழைய எண்ணெய், அதில் கொஞ்சம் மண்ணெண்ணெய், மேலே மிதக்கும் ஒரு பனியன் துணி. வண்டி வந்ததும் அந்தத் துணியை எடுத்து ஒரு தேய். பம்பர் மினுமினுவென்று மின்னும். மூன்றாம் நாள் ஊரில் இருக்கிற தூசி முழுக்க அதில் வந்து ஒட்டிக்கொள்ளும். ஒரு மழை பெய்தால் கதவெல்லாம் கறுப்புக் கோடாக வழியும். அதற்குள் வண்டி விற்றுப்போயிருக்கும் என்பதால் யார்டில் யாருக்கும் கவலை இல்லை. அண்ணி வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே அந்த வாளியைத் தூக்கிக் கொண்டுபோய்க் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தாள். வாளியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டு நான்கு தடவை கழுவினாளாம். சொல்லும்போதே முகத்தைச் சுளிப்பாள்.

அவள் செய்கிற விதமே வேறு. கழற்ற முடிந்த பட்டைகளைக் கழற்றிவிடுவாள். பழைய பாலிஷ் மெழுகு வெள்ளை வெள்ளையாக அடைத்துக் கிடக்கும் வரிகளைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்ப்பாள். காயவைத்து, ஸ்பிரிட் விட்டுத் துடைத்து, பெயின்ட்டில் படாமல் ஓரத்தில் டேப் ஒட்டி, கறுப்பைத் திரும்பக் கொண்டுவரும் மருந்தை ஸ்பான்ஜில் தொட்டு மெல்லிசாக ஒரு பூச்சு. பத்து நிமிடம் விட்டு மிச்சத்தைத் துடைத்தெடுப்பாள். மறுநாள் இன்னொரு பூச்சு. பிறகு ஒரு கை தண்ணீரை அள்ளித் தெளிப்பாள். தண்ணீர் மணிமணியாக நின்று உருண்டு ஓடினால் சரி, பரவி ஊறினால் மறுபடியும் முதலிலிருந்து. அவள் கை பட்ட கறுப்பு மினுங்காது. தடவிப் பார்த்தால் விரலில் ஒன்றும் ஒட்டாது. பளபளக்கிற கறுப்பு பொய் என்பாள்.

யார்டு முதலாளிக்கு நாங்கள் வைத்த பெயர் சென்ட் பாட்டில். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சென்ட் இருக்கும். தனக்கு அடித்துக்கொள்வது பாதி, வண்டிகளுக்குள் அடிப்பது பாதி. அவர் பேச்சும் அப்படித்தான், ‘அம்மா தாயே’ என்று வழவழவென்று வழியும்.

நான் ரொட்டி சுட்டுக் கடைகளுக்குப் போடுகிறவள். எட்டுக் கடைகள். தினமும் ஒரு வண்டியை வாடகைக்குப் பிடித்து, டிரைவர் வருகிற நேரத்துக்கு ரொட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, ஆறவைக்காமல் அடுக்கி, படாத பாடு பட்டுக்கொண்டிருந்தேன். சொந்தமாக ஒரு சின்ன வேன் இருந்தால் இன்னும் நான்கு கடைகளைப் பிடிக்கலாம். யார்டில் ஒன்று பார்த்துச் சொல்லுங்கள் என்று அண்ணியை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அங்கே வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாள். காரணம் கேட்டால் பேச்சை மாற்றுவாள். நாத்தனார் தலையெடுப்பது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் எனக்குள்ளே புழுங்கிக்கொண்டேன்.

அண்ணி தன் அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக நாலைந்து நாள் ஊருக்குப் போனாள். நான் மறுநாளே யார்டுக்குப் போனேன். வெள்ளை வேன் ஒன்று வாசல் பக்கமாகவே நின்றிருந்தது. பம்பரும் சக்கரப் பட்டையும் மினுக்கம் இல்லாத நல்ல கறுப்பு. விரலால் தேய்த்தேன், ஒட்டவில்லை. கையில் இருந்த பாட்டில் தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றினேன். மணிமணியாக நின்று உருண்டது. எனக்கு ஒரே பெருமை. பின்னாலேயே வந்து நின்ற சென்ட் பாட்டில் சிரித்தார்.

“உங்க அண்ணி பாத்துப் பாத்துச் செஞ்ச வண்டிம்மா. அவங்க கை பட்டதுல குறை இருக்குமா?”

இருக்காது என்றுதான் நானும் நினைத்தேன். வெளியே இவ்வளவு யோக்கியமாக இருக்கிற வண்டி உள்ளே மட்டும் எப்படி மோசமாக இருக்கும்? உள்ளே சென்ட் வாசனை கமகமவென்று இருந்தது. அதையும் மூச்சை இழுத்து ரசித்தேன். ரொட்டி வெந்ததை வாசனையிலேயே கண்டுபிடிக்கிற மூக்கு, அன்றைக்கு என்னைக் கைவிட்டுவிட்டது. பணத்தைக் கட்டி, அவர் நீட்டிய தாளில் கையெழுத்தைப் போட்டு, அன்றைக்கே வேனை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

முதல் இரண்டு நாள் ரொட்டியில் லேசாகச் சென்ட் வாடை. ஜன்னலைத் திறந்துவைத்தால் போய்விடும் என்று பார்த்தேன். மூன்றாம் நாள் மழை. கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டு கடை கடையாகப் போனேன். நாலாவது கடையில் பின்கதவைத் திறந்ததும் கப்பென்று அடித்தது பாருங்கள் ஒரு நாற்றம், குளம் வற்றி மீன் செத்துக் கிடக்கிற மாதிரி. கடைக்காரர் ஒரு ரொட்டியைப் பிய்த்து மோந்து பார்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் தட்டில் திரும்ப வைத்தார். அன்றைக்கு ஆறு கடைகளிலிருந்து ரொட்டி திரும்பி வந்தது. அதை நாய்க்குப் போட்டேன், நாய் மோந்துவிட்டு நகர்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் அண்ணி ஊரிலிருந்து வந்தாள். வாசலில் வேனைப் பார்த்ததும் பையைக் கீழே வைத்தாள். வீட்டுக்குள் வரவில்லை. நேராகப் பின்பக்க இடது சக்கரத்துக்குப் போய்க் குனிந்து பார்த்தாள். அங்கே பட்டையைப் பிடித்திருந்த கிளிப்புகளில் ஒன்று மட்டும் சிவப்பு. உடைந்ததற்குப் பதிலாக அவளே போட்டது. அவள் பட்டையை ஒரே இழுப்பில் பிடுங்கினாள். உள்ளே இரும்புத் தகட்டின் சந்திலிருந்து பழுப்பாகத் தண்ணீர் சொட்டியது. இந்த உலகத்தில் எதையுமே தொடக் கூசுகிற என் அண்ணி, அந்தச் சந்துக்குள் விரலை விட்டு ஈரச் சேற்றை வழித்து எடுத்தாள்.

“வெள்ளத்துல முழுகின வண்டி இது. பட்டையைக் கழட்டினப்பவே பாத்தேன். உள்ள பாதிக்குச் சேறு. அந்த ஆள்கிட்டச் சொன்னேன். கழுவி மாட்டு, வாங்கறவங்ககிட்ட நான் சொல்லிக்கிறேன்னான். கழுவினேன். மாட்டினேன்.”

அவள் சாப்பிடாமல் படுத்த ஒரு ராத்திரி எனக்கு நினைவுக்கு வந்தது. வயிறு சரியில்லை என்று சொல்லியிருந்தாள்.

நான் அழுதுகொண்டே, உங்கள் வேலையைப் பார்த்துத்தான் அண்ணி வாங்கினேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அவள் சேறு பட்ட விரலைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அப்ப அந்த எண்ணெய் வாளியே தேவலை. அந்த மினுக்கத்தைப் பாத்திருந்தா நீ ஏமாந்திருக்க மாட்டே.”

மறுநாள் இருவரும் யார்டுக்குப் போனோம். வாங்கியவர் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை என்றார் சென்ட் பாட்டில். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டாராம், உள்ளது உள்ளபடி வாங்கிக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். பேசப் பேச அந்தச் சென்ட் வாசனை என் தொண்டைக்குள் இறங்கியது. அண்ணி தன் பிரஷ்களையும் ஸ்பான்ஜுகளையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

இப்போது எங்கள் வாசலிலேயே வேலை செய்கிறாள். அவள் கையைத் தெரிந்தவர்கள் தேடி வருகிறார்கள். யார் வண்டியைக் கொண்டுவந்தாலும் முதலில் ஒரே கேள்விதான், விக்கவா, வச்சுக்கவா? விற்பதற்கு என்றால் தொடமாட்டாள். இரண்டு காசு பார்க்கத் தெரியாதவள் என்று அண்ணன் முணுமுணுப்பான். நான் அண்ணிக்குப் பரிந்து பேசுவேன். இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தி இருக்கிறாளே என்று கடைகளில் எல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டிருக்கிறேன்.

வேனை என்னால் ஓட்டவும் முடியவில்லை, பார்க்கவும் பிடிக்கவில்லை. எட்டில் ஐந்து கடைகள் கையைவிட்டுப் போய்விட்டன. இரண்டு மாதம் கழித்து வேனை விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தார். பொம்மை விற்கிறவர். ஜலதோஷம் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தார், நாற்றம் ஒன்றும் மூக்கில் ஏறியதாகத் தெரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடித்துவிடலாம் என்றார். அண்ணி பிடுங்கிய பட்டை இன்னும் சேறு காய்ந்தபடி சுவரோரம் சாய்ந்திருந்தது.

சனிக்கிழமை காலையில் அண்ணியிடம் போய் நின்றேன். அந்தப் பட்டையை மட்டும் கொஞ்சம் துடைத்து மாட்டித் தரச் சொன்னேன். பொம்மைக்கு நாற்றம் ஒட்டினால் யார் மோந்து பார்க்கப் போகிறார்கள் என்று சிரிக்கவும் செய்தேன். அண்ணி சிரிக்கவில்லை.

“வெள்ளத்துல முழுகினதுன்னு அவர்கிட்டச் சொல்லிட்டியா?”

“நீங்க கழுவி மாட்டுங்க அண்ணி. வாங்கறவர்கிட்ட நான் சொல்லிக்கிறேன்.”

சொல்லி முடித்த பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று என் காதில் விழுந்தது. என் வாயே எனக்கு நாறியது. அண்ணி என்னை நிமிர்ந்து பார்த்தாள், அந்த வாளியைப் பற்றிச் சொல்லும்போது சுளிக்கிற அதே முகம். பிறகு எழுந்து குழாயடிக்குப் போனாள். அன்று காலையிலிருந்து அவள் ஒரு வேலையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் சோப்பை எடுத்து, முழங்கை வரைக்கும், நான்கு தடவை கழுவினாள்.