பெட்டியின் பின்புறம் வைத்த கோணி

2024 மே 9, பிற்பகல் 2.40. வானத்தில் ஒரு மேகமும் இல்லை. மேல்காற்று அனலாக வீசியது. எங்கள் பட்டறைச் சூளை ஆயிரத்து நூறு டிகிரியைத் தாண்டிய நேரத்தில் என் மகன் செய்த பெட்டி நின்றுபோனது.

விருத்தாசலத்தில் எங்கள் வரிசையில் ஏழு பட்டறைகள், ஏழு மின்சூளைகள், ஒரே லைன். சூளைகள் கரண்ட்டை வெட்டி வெட்டி இழுக்கும். அதனால் மின்சார அலை சிதைந்து, வெப்பம் ஏறி இறங்கி, சாமான்மேல் பூசிய பளபளப்பு, கிளேஸ், கொப்புளிக்கும். மகன் சென்னை வேலையை விட்டுவிட்டு வந்து, எட்டு மாதம் உட்கார்ந்து, புரோகிராம் எழுதிய ஒரு சிப்பை வைத்து அந்தப் பெட்டியைச் செய்தான். அலையில் எங்கே குறைகிறது என்று கண்மூடித் திறப்பதற்குள் பார்த்து, அங்கே கரண்ட்டை நிரவிவிடும். சிப் சூடேறாமல் இருக்கப் பெட்டியின் பின்புறம் ஒரு ஃபேன். லோடு ஏற்றும்போதே சொல்லியிருந்தான்:

"இந்த லோடு நல்லா வந்துட்டா இங்கயே இருந்துடறேம்பா. இல்லாட்டி மஸ்கட்டுல கூப்புடறாங்க, போயிடுவேன்."

"இங்கயே இருடா. எத்தன தேறுச்சு, எத்தன கெட்டுச்சுன்னு எண்றதுக்கு நான் இருக்கறேன்."

"அதான்பா பயமா இருக்குது" என்று சிரித்தான்.

சூளைக்குள் இருந்தவை 1,152 பீங்கான் ஃப்யூஸ் கேரியர்கள். 940 கொப்புளித்துவிட்டன. மறுநாள் பெட்டியைத் திறந்தான், சிப் கருகியிருந்தது. "என் கணக்கே தப்பு" என்றான். பதினேழாம் நாள் விமானம் ஏறினான்.

ஜூனில் அடுத்த லோடுக்கான ஈரச் சாமான்களை மனைவி அலமாரியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். சுடாத சாமான்மேல் காற்றுப் பட்டால் விரிசல் விடும். எங்கள் பட்டறைகளில் ஜன்னலைக்கூடத் திறக்க மாட்டோம்.

"என்னங்க, அந்தக் கோணி எங்க, பாத்தீங்களா? போன லோடு அன்னிக்குப் பெட்டிக்குப் பின்னாடி இருக்கற ஃபேன் ஈரச் சாமான்மேல ஊதுச்சுன்னு அடச்சு வச்சேனே. சாயங்காலம் எடுத்துட்டேன்."

நான் வாசலுக்கு வந்து மகனுக்குப் போன் செய்து கோணியைப் பற்றிச் சொன்னேன்.

"அப்ப என் கணக்கு சரிதானாப்பா?"

"சரிதாண்டா. வந்துடு."

"ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேனே. அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா."

வேறு சிப் வாங்கி, அவன் அனுப்பிய புரோகிராமை ஏற்றி, அலமாரியைத் தள்ளிப் போட்டேன். அந்த லோடில் ஒன்றுகூடக் கொப்புளிக்கவில்லை. மனைவி ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தாள்.

"புள்ள செஞ்சது எப்டி ஓடுது பாருங்க! இன்னும் ஒரு மாசம் பொறுத்திருக்கக் கூடாதா அவன்?"

"ஆமாம்" என்றேன்.

கெட்டுப்போன லோடு, சிப், ஆள்கூலி, அவன் விமான டிக்கெட், எல்லாம் சேர்த்து 1,38,640 ரூபாய்.