செசிலி தள்ளிவிட்ட துண்டுக் காகிதம்

செசிலி ஒன்றும் ஊமை இல்லை. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து பல்கலைக்கழகம் போய், வணிகத்தில் முதல் வகுப்பு எடுத்து வந்தவள். பதுளை பஸ்ஸில் யாராவது முண்டியடித்தால் மானம் போகிற மாதிரி நாலு கேள்வி கேட்பாள். ஆனால் நாலு பேர் கூடி ஒரு விஷயத்தை ஆராய உட்கார்ந்தால் போதும், வாய்க்குப் பூட்டுப் போட்டுவிடுவாள். அந்தப் பூட்டைத் திறக்கிறேன் என்று கிளம்பியவன் நான், சுபாஸ். பதுளை அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கராக இருந்த யாழ்ப்பாணத்து இரகுநாதனின் மகன். பேச்சில் எனக்குக் குறைச்சலே கிடையாது.

2005இல் கொழும்பில் ஒரு முதலீட்டு வங்கி எங்கள் இருவரையும் தேர்வுக்கு அழைத்தது. எழுத்துப் பரீட்சையைத் தாண்டிவிட்டோம். அடுத்தது குரூப் கேஸ் ஸ்டடி. ஆறு பேரை ஒரு மேசையில் உட்காரவைத்து, ஒரு கம்பெனியின் விபரங்களைக் கையில் கொடுத்து, அதை வாங்கலாமா வேண்டாமா என்று முக்கால் மணி நேரத்தில் பேசி முடிவெடுக்கச் சொல்வார்கள். யார் என்ன சொல்கிறார்கள் என்று சுவரோரம் இருவர் உட்கார்ந்து புள்ளி போடுவார்கள். எனக்கு வேலை கிடைத்தால் பெருமை, அவ்வளவுதான். செசிலிக்கு அப்படியில்லை. அவளுடைய அப்பா யாகோப்பு கால் ஒடிந்து, காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்குப் போக முடியாமல் கிடந்தார். அம்மா பறிக்கிற கொழுந்தில்தான் வீடு ஓடியது. இந்த வேலை தவறினால் தங்கை றொஷேல் படிப்பை விட்டுவிட்டு மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக வேண்டியதுதான்.

செசிலிக்குக் கோயிலில் ஞாயிறு பூசை முடிந்ததும் பதுளை டவுனில் நண்பன் நிஸாமின் கடை மாடியில் கூடுவோம். பழைய ஆங்கிலப் பத்திரிகைகளில் வந்த கம்பெனி அறிக்கைகளை விரித்துப்போட்டு வாதாடுவோம். நிஸாம் மணிக்கூட்டைப் பார்த்து நேரம் சொல்வான். செசிலி மளமளவென்று கணக்குப் போட்டு, பிழை பிடித்து, துண்டுக் காகிதத்தில் எழுதி என் பக்கம் தள்ளுவாள். பேசுவது மட்டும் நான்.

ஒருநாள் கத்திவிட்டேன். "வாயைத் திறந்து கதையும் செசிலி! நீர் கண்டுபிடிச்சதை நான் எப்பிடிச் சொல்லுறது?"

"தோட்டத்து தொரைகிட்ட ஒரு விசயமா போனா சங்கத் தலைவருதாங்க பேசுவாரு. நாங்க பின்னால நிப்போம். ஆளாளுக்குப் பேசினா காரியம் கெட்டுப்போயிரும்."

"இது தோட்டத்து ஆபீஸ் இல்லை."

"தெரியுதுங்க. வாய் வர மாட்டேங்குது."

தேர்வுக்கு முன் இருந்த நாலு ஞாயிறும் அப்படியே போயின. உண்மையைச் சொன்னால் நானும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை. அவள் துண்டு நீட்ட நான் முழங்குவது எனக்கு நன்றாகப் பழகிவிட்டது.

தேர்வன்று இருவரும் ஒரே மேசையில். கொடுத்ததோ விற்பனைக்கு வந்த ஒரு தேயிலைக் கம்பெனியின் விபரம். கொழும்புப் பிள்ளைகள் நால்வரும் விளைச்சலைத் தேயிலைத் தூள் விலையால் பெருக்கி, கொள்ளை லாபம், உடனே வாங்கலாம் என்று குதித்தார்கள். நானும் தலையாட்டினேன். அப்போது மேசைக்கு அடியால் துண்டு வந்தது.

"இந்த விளைச்சல் பச்சைக் கொழுந்து. தேயிலைத் தூள் அல்ல. நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தூள்தான் கிடைக்கும்."

லாபம் அத்தனையும் நட்டமாயிற்று. அம்மாவின் கூடையை நிறுப்பதைப் பார்த்து வளர்ந்தவளுக்குத்தான் அது சட்டென்று கண்ணில் படும். அவளைப் பார்த்தேன். பேசுங்க என்று கண்ணைக் காட்டினாள். பேசினேன். நன்றாகவே பேசினேன். சுவரோரத்துப் பேனாக்கள் ஓடின. 'இது செசிலி கண்டது' என்ற மூன்று சொற்கள் நாக்கு நுனிவரை வந்தன. விழுங்கிவிட்டேன்.

வேலை எனக்குக் கிடைத்தது. அவளுக்கு வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் போனது. சேர்ந்த இரண்டாம் மாதம், அந்தத் தேர்வுக் கோப்புகளைக் கட்டிவைக்கும் வேலை என்னிடமே வந்தது. செசிலியின் தாளில் ஒரே வரி: 'பங்களிப்பு எதுவும் இல்லை.'

அடுத்த விடுமுறையில் ஸ்பிரிங்வெளிக்கு பஸ் ஏறினேன். செசிலி லயத்து வாசலில் உட்கார்ந்து, ஒரு புதுக் கொழுந்துக் கூடைக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். றொஷேலின் கூடை. நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் என்னை ஏசியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஸ்டூலை எடுத்துப் போட்டு, தேத்தண்ணி கொடுத்தாள்.

"தலைவரு தொரைகிட்ட பேசிட்டு நேரா லயத்துக்குத்தான் வருவாரு. என்ன கெடச்சுதுன்னு எல்லாருக்கும் சொல்லுவாரு. நீங்க இத்தன மாசம் கழிச்சு வந்திருக்கீங்க. பரவாயில்ல, இப்பவாவது சொல்லுங்க சுபாஸ். எங்களுக்கு என்ன கெடச்சுது?"

கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டுக்கொண்டே கேட்டாள். றொஷேல் கதவருகில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை.