முனையில்லாத வெண்டிக்காய்

சீனக் கம்பெனி ஒன்று சாம்பியாவில் நிலம் எடுத்து மரக்கறி பயிரிட்ட காலம். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அந்த வெண்டிக்காயை லண்டன் தமிழ்க் கடைகளுக்கெல்லாம் கொடுக்க ஒரு ஏஜென்ட் தேடி, கம்பெனியின் ஆள் லண்டனில் மிச்சம் என்ற பகுதியிலிருந்த என் அத்தானின் கடைக்கு வந்தார். கோட்டு, டை, கையில் ஒரு கமரா. வாரநாட்களில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடை அது. அந்த ஏஜென்சி கிடைக்காவிட்டால் இழுத்து மூடவேண்டியதுதான் என்று அத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

வந்தவர் ஒரு சனிக்கிழமை முழுக்க, மாதிரிக்குத் தான் கொண்டுவந்த வெண்டிக்காய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, காய் வாங்க வந்த எங்கள் பெண்களைக் கவனித்தார். அவர்கள் வழக்கம்போல ஒவ்வொரு காயின் முனையையும் முறித்துப் பார்த்தார்கள். டக்கென்று முறிந்தால் பிஞ்சு, பைக்குள் போகும். வளைந்தால் முற்றல், பெட்டிக்குத் திரும்பும். மனிதர் படம் எடுத்துக்கொண்டு திருப்தியாகப் போனார்.

அடுத்த முறை சாம்பியாவிலிருந்து வந்த பெட்டிகளைத் திறந்தோம். ஒரு காய்க்கும் முனை இல்லை. முனை முறிந்த காயைத்தான் தமிழர் வாங்குகிறார்கள் என்று முடிவுகட்டி, எல்லாவற்றையும் அங்கேயே முறித்து, அழகாக அடுக்கி அனுப்பியிருந்தார்கள். அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை. கண்ணால் கண்டதைத்தானே செய்தார்!

எங்கள் பெண்கள் பெட்டியைச் சுற்றி நின்று முகத்தைச் சுளித்தார்கள். எப்போதும் முதலில் வருகிற மாமி தீர்ப்புச் சொன்னார். "ஆரோ முறிச்சுப் பாத்திட்டு வேண்டாமெண்டு விட்ட காய். எனக்கென்ன விசரே?"

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் வெண்டிக்காய்க் குழம்பு, வெண்டிக்காய்ப் பால்கறி, வெண்டிக்காய்ப் பொரியல். அத்தான் சாப்பிடாமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குப் பாவமாக இருந்தது. சிரிப்பும் வந்தது.

கம்பெனிக்காரர் ஓடிவந்தார். அத்தானுக்கு ஆங்கிலம் அவசரத்தில் வராது. முறித்துக் காட்டி விளக்கலாம் என்றால் வந்த பெட்டிகளில் முனையுள்ள காய் ஒன்றுகூட இல்லை. கடைசியில் பழைய பெட்டியின் அடியில் கிடந்த முற்றல் ஒன்றைத் தேடி எடுத்து, அதன் முறியாத முனையை வளைத்துக் காட்டி, "நோ, நோ" என்று தலையாட்டினார். மனிதருக்கு விளங்கிவிட்டது. நெற்றியில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது சரக்கு முனையோடு வந்தது. ஏஜென்சிப் பத்திரத்தோடு அவரும் வந்தார். கையெழுத்துப் போடுமுன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று ஒரு காயை முறித்தார். டக். முகம் மலர்ந்தது. இன்னொன்று. டக். சின்னப்பிள்ளைபோல நிறுத்தாமல் முறித்துக்கொண்டே போனார்.

மாமி அவர் கையைத் தட்டிவிட்டார். "தம்பி, முறிச்சால் வாங்கோணும்! சும்மா முறிச்சுப்போட்டுப் போக ஏலாது!"

மாமி என்ன சொல்கிறார் என்று அவர் திகைப்போடு அத்தானைப் பார்த்தார். அத்தான் பத்திரத்தைப் பார்த்தார்.

"ஷீ சே, வெரி குட் வெண்டிக்காய்" என்று ஆங்கிலத்தில் சொன்னார் அத்தான்.

அவர் மகிழ்ந்துபோய் மாமியைக் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அத்தான் சொன்னதைப் பொய் என்றும் சொல்ல முடியாது. மாமியின் இரண்டு பையிலும் வெண்டிக்காய்தான் இருந்தது.