கைகூப்ப முடியாத ஜெபம்

"ஆண்டவரே, இந்தப் பிள்ளை என் கையிலேயே போய்விடுவான் போலிருக்கிறதே!"

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டில், வண்டிக்குள் முழந்தாளிட்டபடி நான் இப்படித்தான் கதறினேன். வாய்விட்டு அல்ல, மனதுக்குள். என் கட்டை விரல் பாஸ்கரனின் காறை எலும்புக்குப் பின்னால் அழுந்தியிருந்தது. எடுத்தால் அவன் ரத்தம் முழுவதும் போய்விடும். எங்களுக்கு எதிரே ஒரு கூட்ஸ் ரயில் பாதையை அடைத்துக்கொண்டு நின்றது.

சுதந்திரம் வந்து ஐந்தாறு வருஷம் இருக்கும். அப்போது அந்த வட்டாரத்துக் கல்லூரி ஒன்றில் நான் நர்ஸ். மாணவன் மயங்கி விழுந்தாலும், விடுதியில் பேதி கண்டாலும், மைதானத்தில் எலும்பு முறிந்தாலும், டாக்டருக்குச் சொல்வது, வண்டியைக் கிளப்புவது, ஆஸ்பத்திரியில் தயாராக இருக்கச் சொல்வது எல்லாம் என் பொறுப்பு. அதற்கு ஒரு சட்டமும் வைத்திருந்தேன். ஆபத்து நேரத்தில் போனை நான்தான் எடுப்பேன், அல்லது நான் சொல்கிறவர் எடுப்பார். வேறு யாரும் தொடக்கூடாது. ஆளுக்கொன்று சொன்னால் வண்டி ஒரு பக்கமும் நோயாளி ஒரு பக்கமுமாக ஆகிவிடும். மாணவர்கள் எனக்கு 'ஸ்டேஷன் மாஸ்டர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்துவிட்டுப் போகட்டும்.

லெந்து என்னும் எங்கள் நோன்பு நாட்களில் ஒரு வியாழக்கிழமை. மதியம் வரை உபவாசம் இருந்தேன். கெமிஸ்ட்ரி லேபில் வெடிச்சத்தம் கேட்டது. ஓடினேன். கண்ணாடிக் குடுவை வெடித்து, ஒரு துண்டு பாஸ்கரனின் அக்குளுக்கு அருகே ஆழமாக அறுத்திருந்தது. எதற்கெடுத்தாலும் கிண்டல் பேசும் பிள்ளை அவன். அன்று முகம் சுண்ணாம்பாக வெளுத்துக் கிடந்தான். கட்டுப் போட முடியாத இடம். மேலே ரத்தக்குழாயை அழுத்திப் பிடித்துக்கொள்வது ஒன்றுதான் வழி. பிடித்தேன். ஆபீஸ் குமாஸ்தா சுந்தரத்திடம் ஆஸ்பத்திரிக்குச் சொல்லச் சொன்னேன். நாங்களே வருகிறோம், சர்ஜனைத் தயாராக வைத்திருக்கவும் என்று செய்தி போனது. அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது.

பையனைக் கல்லூரி வண்டியில் ஏற்றும்போது விடுதிச் சமையல்காரர் கோவிந்தன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"சிஸ்டர், பயப்படாதீங்கோ! வார்டன் ரூம்லேர்ந்து நானே போன் போட்டு ஆஸ்பத்திரி வண்டிய வரச் சொல்லிட்டேன்!"

எனக்குத் தலைக்கேறிவிட்டது. ஆஸ்பத்திரிக்கு இருப்பது ஒரே வண்டி. அது வெறுமனே இங்கே வந்து திரும்பினால், அந்த நேரத்தில் வேறு யாருக்கோ ஆபத்து.

"உங்களை யார் போனைத் தொடச் சொன்னது? சுந்தரம், உடனே கூப்பிட்டு அந்த வண்டியை நிறுத்தச் சொல்லுங்க!"

சுந்தரம் ஓடிப்போய், ஓடி வந்தார். லைன் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை முயற்சி செய்யச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். 'ஆண்டவரே, லைன் கிடைக்கச் செய்யும்' என்று வழியெல்லாம் ஜெபித்தேன். கோவிந்தனை மனதுக்குள் திட்டிக்கொண்டேதான் ஜெபித்தேன்.

கேட்டுக்கு வந்தால் இந்த ரயில். கேட்மேன் ஜன்னலருகே வந்தார்.

"வேகன் கொக்கி அறுந்து பூட்ச்சி சிஸ்டரம்மா. எப்போ நவுரும்னு எனுக்கே தெரியாது."

"இன்னா பேஜாரு இது!" என்று டிரைவர் தாவூத் பாய் ஸ்டியரிங்கைக் குத்தினார். பின்னால் மாட்டு வண்டிகளும் லாரிகளும் நெருக்கிக்கொண்டு நின்றன. திரும்பிப் போய்ச் சுற்றிக்கொண்டு வர வழியே இல்லை.

என் விரல் மரத்துவிட்டது. அழுத்துகிறேனா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. "சிஸ்டர், குளிருது" என்றான் பாஸ்கரன். உச்சி வெயில் நேரம் அது. ரத்தம் போனவன் குளிருது என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். கைகூப்பி ஜெபிக்கக்கூட என்னால் முடியவில்லை. 'இந்த ரயிலை நகர்த்தும், ஆண்டவரே' என்று மட்டும் கேட்டேன். ரயில் நகரவில்லை. அழுதுவிட்டேன்.

எங்கள் பக்கங்களில் ரயில் நின்றுவிட்டால் ஜனங்கள் வேகனுக்கு அடியில் புகுந்து போவது வழக்கம். எத்தனையோ முறை கூடாது என்று சத்தம் போட்டிருக்கிறேன். அன்றும் ஒரு மீன்காரம்மா கூடையை முன்னால் தள்ளிவிட்டு, சக்கரங்களுக்கு நடுவே குனிந்து இந்தப் பக்கம் வந்தாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்தவள் மார்பில் கை வைத்தாள்.

"அய்யோ, இன்னாம்மா இவ்ளோ ரத்தம்! ஏன் இங்கியே குந்திகினு கீறே? ஆஸ்பத்திரி வண்டி ஒண்ணு அந்தாண்ட நின்னுகினு கீதே! டாக்டரும் கீறாரு!"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. கோவிந்தன் கூப்பிட்ட வண்டி!

அதற்குப் பிறகு அழ நேரமில்லை. கேட்மேனை ரயில் கார்டிடம் ஓடச் சொன்னேன். சிவப்புக் கொடி காட்டி, ரயில் அசையாது என்று கார்டு உறுதி சொன்னார். எதிரே நின்றது காலி வேகன். அங்கே நின்றிருந்த மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு பக்கக் கதவுகளையும் தள்ளித் திறந்தார்கள். என்னையும் பாஸ்கரனையும், என் விரல் விலகாமல், அப்படியே வேகனுக்குள் ஏற்றி அந்தப் பக்கம் இறக்கினார்கள். சாதி, மதம் எதுவும் யாரும் கேட்கவில்லை. ஆஸ்பத்திரி வண்டியிலிருந்து ஹவுஸ் சர்ஜன் கிடுக்கியோடு பாய்ந்து வந்தார். அவர் ரத்தக்குழாயைப் பிடித்த பிறகுதான் என் விரலை எடுத்தேன். எடுக்க முடியவில்லை, அவர்தான் பிரித்துவிட்டார்.

பாஸ்கரன் பிழைத்தான். இடது கையில் கொஞ்சம் பலக்குறைவு உண்டு. கிண்டலில் குறைவில்லை.

சாயங்காலம் சுந்தரம் முகம் வாடி வந்தார். "கடைசி வரைக்கும் லைன் கிடைக்கவே இல்ல சிஸ்டர், மன்னிச்சிடுங்க" என்றார். நான் அவர் முன்னாலேயே விழுந்து விழுந்து சிரித்தேன், அழுதேன். லைன் கிடைத்திருந்தால் அந்த வண்டி வந்தே இருக்காது. நான் கேட்ட லைனை ஆண்டவர் தரவில்லை. நான் கேட்டபடி ரயிலையும் நகர்த்தவில்லை. இரண்டையும் மறுத்துத்தான் அந்தப் பிள்ளையை என் தேவன் காப்பாற்றினார்.

கோவிந்தன் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். அவருக்கும் போன் பேசக் கற்றுக்கொடுத்து, என் ஆட்களில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டேன். காசிமேட்டில் தேடி அலைந்து அந்த மீன்காரம்மாவையும் கண்டுபிடித்தேன். "நான் இன்னாம்மா பண்ணேன்? கீறத சொன்னேன்" என்று சொல்லிவிட்டு மீனைக் கழுவப் போய்விட்டாள்.

இதை வாசிக்கிறவர்களே, உங்களில் யாராவது கேட்டது கிடைக்காமல், அடைபட்ட பாதைக்கு முன்னால் இன்று அழுதுகொண்டிருக்கலாம். கை ஓய்ந்துபோனாலும் பிடியை விடாதீர்கள். அந்தப் பக்கம் உங்களுக்காக என்ன வந்து நிற்கிறது என்று ஆண்டவருக்குத் தெரியும்.