மண்ணில் கால் வைக்காத மரபும் எங்கள் அண்ணனும்

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவு மலர் என்றால் கலங்கிய கண்ணோடும் கனிந்த நெஞ்சோடும் எழுத வேண்டும் என்பார்கள். நானும் அப்படித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் போன மாதம் நடந்ததை நினைத்தால் கண்ணீருக்கு முன்னால் குமட்டல்தான் வருகிறது. எனக்கு வாய் நீளம் என்பது சொந்தபந்தங்கள் அனைவரும் அறிந்தது. இன்று மட்டும் அதைச் சுருட்டி வைக்கச் சொன்னால் முடியாது.

அண்ணன் பிறந்தது மராட்டியப் பக்கத்துக் கட்கியில், தொழிற்சாலைக் குடியிருப்பின் ஒற்றை அறை வீட்டில். எங்கள் தாத்தா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். ரயிலை விட்டு இறங்கியபோது அவர் காலில் செருப்பு இல்லை. பெட்டி சுமக்கும் வேலையில் சேர்ந்து, மூன்று மழைக்காலம் வெறுங்காலோடு நடந்து, அதன் பிறகுதான் முதல் ஜோடி வாங்கினார் என்று அப்பா சொல்வார். அந்தச் செருப்பில்லாக் காலை இதைப் படிப்பவர்கள் கொஞ்சம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

அண்ணனுக்குப் பதினெட்டு வயது நடக்கும்போது அப்பா காலமானார். எனக்கு எட்டு வயது. அம்மாவுக்கு ஆஸ்துமா. அண்ணன் கல்லூரிப் படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு அப்பாவின் தொழிற்சாலையிலேயே சேர்ந்தார். காலையில் எனக்குத் தலை பின்னி, சைக்கிளில் வைத்துப் பள்ளியில் இறக்கிவிட்ட பிறகுதான் அவர் வேலைக்குப் போவார். அவர் போட்ட இரட்டைப் பின்னல் ஒரு நாளும் ஒரே உயரத்தில் இருந்ததில்லை. அந்தக் கோணல் பின்னலோடுதான் நான் படித்து, ஆசிரியையாகி, இன்று ஓய்வும் பெற்றுவிட்டேன்.

அண்ணி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகள் செல்வி. அவளை அண்ணன் தாயுமாகி வளர்த்தார் என்று எழுதினால் அது வழக்கமான வாசகம் போலத் தெரியும். ஆனால் உண்மை அதுதான். செல்வி வங்கி வேலைக்குப் போன பிறகு நிதினை விரும்பினாள். நிதின் மராத்திக்காரர், பஸ் டிப்போவில் மெக்கானிக். அவருடைய அப்பா அண்ணன் வேலை பார்த்த அதே தொழிற்சாலையில் கக்கூஸ் கழுவியவர். அண்ணன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். மறுநாள், "நல்ல பையன். ஜாம் ஜாம்னு பண்ணிடலாம்" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது.

பத்திரிகையை எடுத்துக்கொண்டு அவரே வீடு வீடாகப் போனார். நானும் கூடப் போனேன். சித்தப்பா மகன் குமரேசன் பத்திரிகையைக் கையில் வாங்கவில்லை. "அரே அண்ணா, நம்ம கான்தானுக்கு, நம்ம வம்சத்துக்குன்னு ஒரு பேரு இருக்குது. ரத்தம் கலந்துட்டா அப்பறம் பிரிக்க முடியுமா?" என்றான். எங்கள் தாத்தாவும் அவன் தாத்தாவும் ஒருவர்தான் என்பதை இங்கே சொல்லிக்கொள்கிறேன். அண்ணன் பத்திரிகையை அவன் வீட்டு டிவி மேல் வைத்துவிட்டு எழுந்தார். பதிவு அலுவலகத்தில் நடந்த அந்தத் திருமணத்துக்குப் பங்காளிகளில் ஒரு காக்காய் கூட வரவில்லை.

அந்த வாரம்தான் அண்ணன் நீள நோட்டு ஒன்று வாங்கி எழுத ஆரம்பித்தார். புராணம் எழுதுகிறாரா, சுயசரிதையா என்று பலர் என்னைக் கேட்டதுண்டு. இரண்டும் இல்லை. இரண்டு சூரியன்கள் உள்ள, ஈரொளி என்ற ஒரு வேற்று உலகத்தைப் பற்றிய கதை அது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் போவேன். டீயும் காரி பிஸ்கட்டும் நடுவில் இருக்க, அவர் படித்துக் காட்டுவார்.

ஈரொளியை ஆள்பவர்கள் உயர்குடியார். அவர்களின் ரத்தம் பச்சை. ஒரு குழந்தை பிறந்தால் குடும்பத்துப் பெரியவர்கள் ஏழு பேர் வரிசையில் நின்று, அதன் குதிகாலைக் கீறி, ஆளுக்கொரு சொட்டு நக்கிப் பார்ப்பார்கள். ஏழு நாக்கில் ஒரு நாக்குக்கு ருசி வேறாகப் பட்டாலும் குழந்தையைக் கொண்டுபோய் உப்புவெளியில் விட்டுவிடுவார்கள். ரத்தம் கெடக் கூடாது என்று தங்களுக்குள்ளேயே கொடுத்து, தங்களுக்குள்ளேயே எடுத்து, ஏழாம் தலைமுறைக்கு எலும்பு கெட்டியாகவே இல்லை. நிற்க முடியாது. வாய் ஒழுகும். தாம்பாளத்தில் கிடத்தித்தான் தூக்கிப் போவார்கள். அதையும் பெருமையாகக் கூவிக்கொண்டு போவார்கள்: 'மண்ணில் கால் வைக்காத மரபினர் வருகிறார்கள், விலகுங்கள்.'

"ஏண்ணா, தின்னுற நேரத்துல இதைப் படிக்கிறியே, குமட்டுது" என்றேன் ஒருநாள்.

"எனக்கும் குமட்டிச்சிம்மா. அதான் எழுதினேன்" என்றார்.

மூன்றாவது நோட்டின் நடுவில் 'குடிவழி' என்று தலைப்பிட்டு, எதிரெதிராக இரண்டு பக்கத்தில் ஒரு படம் வரைந்திருந்தார். இடப்பக்கத்தில் எரிமுகர், அவர் மைந்தர் ஒளிமுகர், அவர் மைந்தர் நிலமாள்வார் என்று ஏழு தலைமுறை. உப்புவெளியில் விடப்பட்ட குழந்தைகளின் பெயரைச் சுற்றி ஒரு சின்ன வட்டம். கடைசி வட்டத்துக்குள் இருந்தது ஒரு பெண் குழந்தையின் பெயர். அந்த வட்டத்திலிருந்து ஒரு கோடு மடிப்பைத் தாண்டி வலப்பக்கத்துக்குப் போகும். அங்கே அது கிளைவிட்டுப் பக்கம் முழுக்கப் பரவியிருக்கும். இடப்பக்கத்து ஏழாம் தலைமுறைக்குக் கீழே ஒன்றுமே கிடையாது.

ஒன்றரை வருஷத்துக்கு முன் அண்ணனுக்குக் குடலில் வியாதி கண்டது. அறுவைச் சிகிச்சையின்போது நிறைய ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றியதற்கு ஈடாக நிதினும் டிப்போ நண்பர்கள் நான்கு பேரும் வரிசையில் நின்று ரத்தம் கொடுத்தார்கள். பார்க்க வந்த குமரேசன் ஆரஞ்சுப் பழப் பையைக் கீழே கூட வைக்காமல், தொங்கிய பாட்டிலைக் காட்டி, "இது யாரோட ரத்தம்?" என்று கேட்டான். அங்கிருந்த நர்ஸ், "அதுல பேரு எழுதியிருக்காது, பெரியவரே" என்று மராத்தியில் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். சீச்சீ, மனிதன் உயிருக்குப் போராடும்போது கேட்கிற கேள்வியா அது. அண்ணன் விழித்துத்தான் இருந்தார். என்னைப் பார்த்து நாக்கை லேசாக நீட்டி, நக்குவது போலச் செய்து காட்டினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது.

அதன் பிறகு ஐந்து மாதம் செல்வியின் வீட்டில்தான் இருந்தார். அந்த மனிதரைக் குழந்தையைப் போல நிதின் தூக்கிக் குளிப்பாட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன். கடைசி வாரத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எனக்குப் பின்னாடி புத்தகம் கித்தகம் போட்டீங்கன்னா, செல்வி பேரு மொதல்ல வரணும். பக்கத்துலயே அவ புருஷன் பேரு. வேற ஒண்ணும் வேணாம்மா."

நான் கையில் அடித்துச் சத்தியம் செய்து கொடுத்தேன்.

காரியம் முடிந்து அண்ணனின் டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது குமரேசனும் இருந்தான். அவன் நோட்டைப் புரட்டியதையும் போனில் எதையோ படம் எடுத்ததையும் பார்த்தேன். பெரிதாக நினைக்கவில்லை. "மலர் வேலையை என்கிட்ட விட்டுடுக்கா, ஜோரா பண்ணிடறேன்" என்றான். சரி, இப்போதாவது புத்தி வந்ததே என்று விட்டுவிட்டேன். நாய் வாலை நிமிர்த்த முடியாது என்பதை ஆசிரியையாக இருந்தும் நான் மறந்தேன்.

போன மாதம், மலரின் மாதிரி அச்சு வந்திருக்கிறது என்று வாகட்டில் உள்ள அவன் வீட்டுக்குக் கூப்பிட்டான். பன்னிரண்டாவது மாடி. வழவழக் காகிதம். முதல் பக்கத்தைத் திறந்தால் தங்கக் கரை, குறுக்கு வாள், ஒரு கோபுரம். மேலே கொட்டை எழுத்தில் 'மண்ணில் கால் வைக்காத மரபினர்'. அதன் கீழே எரிமுகர், ஒளிமுகர், நிலமாள்வார். நோட்டின் இடப்பக்கம் அப்படியே இருந்தது. ஏழாம் தலைமுறைக்குக் கீழே ஒரு கோடு இழுத்து, செருப்பில்லாமல் வந்த எங்கள் தாத்தாவின் பெயரைத் தொங்கவிட்டிருந்தான். கடைசிப் பக்கத்தில் துயருறுவோர் பட்டியல். குமரேசன், அவன் மனைவி, மகன், மற்றும் உற்றார் உறவினர். செல்வி இல்லை.

"செல்வி பேரு எங்கடா?"

"அக்கா, கொஞ்சம் புரிஞ்சிக்கோ. பையனுக்கு வேலூர் பக்கம் சம்பந்தம் பேசினு இருக்கோம். இந்த மலர் அவங்க கைக்கும் போவும். வம்சாவளியைக் காட்டினப்பறந்தான் அவங்க ஒத்துக்கிட்டாங்க. இப்ப போயி அந்தப் பேரைப் போட்டா எல்லாம் போச்சு."

"இந்த வம்சாவளி உனக்கு எங்க கெடைச்சது?"

"அண்ணன் பெட்டியிலதான். பாவம், எத்தினி வருஷம் தேடி எழுதினாரோ. நாம ராஜ பரம்பரைன்னு எனக்கு அப்பவே ஒரு டவுட் இருந்துது."

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இரண்டு சூரியன், பச்சை ரத்தம், ஏழு நாக்கு, தாம்பாளம், ஒன்றையும் விடவில்லை. குமரேசன் அச்சுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்போ கால் வைக்காததுன்னா?"

"வைக்க முடியாதுடா. எலும்பு நிக்காது."

அவன் வெட்கப்படுவான், காகிதத்தைக் கிழிப்பான் என்று காத்திருந்தேன். அவன் டீயை ஆற்றி முழுசாகக் குடித்தான். கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னான்:

"இப்ப இது யாருக்குத் தெரியப் போவுது? அண்ணன் இல்ல. நீயும் நானுந்தான். அப்பிடியே இருந்துட்டுப் போவட்டும். வட்டம் போட்ட பேருங்களை மட்டும் எடுத்துடறேன், பார்க்க நல்லா இல்ல."

என் அறுபது சொச்சம் வயதில் எத்தனையோ அசிங்கங்களைப் பார்த்திருக்கிறேன். தெரியாமல் செய்ததை மன்னிக்கலாம். தெரிந்த பிறகும் அந்த ஒழுகும் வாய்களையே பாட்டன் பூட்டன் என்று வைத்துக்கொள்ள ஒருவனுக்கு மனம் வருகிறது. அண்ணன் தூக்கி வளர்த்த மகளைச் சேர்த்துக்கொள்ள மட்டும் வரவில்லை. அவன் வீட்டுத் தண்ணீரைக் கூடத் தொடாமல் பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே ஆட்டோ பிடித்துக் கேம்ப் பகுதியில் எனக்குத் தெரிந்த அச்சகத்துக்குப் போனேன். உங்கள் கையில் இருப்பது அங்கே அடித்த மலர்தான். காகிதம் சாதாரணம், எழுத்துப்பிழையும் இருக்கலாம். நடுப்பக்கத்தில் அண்ணனின் கையெழுத்திலேயே குடிவழி இருக்கிறது. இரண்டு பக்கமும் இருக்கின்றன, வட்டங்களும் இருக்கின்றன. வலப்பக்கத்தைத் தயவுசெய்து நிதானமாகப் பாருங்கள். வேலூர் வீட்டுக்காரர்களுக்கும் ஒரு பிரதி தபாலில் போயிருக்கிறது. குமரேசனின் வழவழப்பான மலரும் இதே வாரம் உங்களுக்கு வரக்கூடும். எது எங்கள் அண்ணன் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் சிலர் உண்டு. அண்ணனைத் தோளில் சுமந்த மருமகன் நிதினுக்கும், கஞ்சி கொடுத்தனுப்பிய அவர் அம்மாவுக்கும், பெயர் கேட்காமல் ரத்தம் கொடுத்த டிப்போ நண்பர்களுக்கும், அந்த நர்ஸம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடமைப்பட்டிருக்கிறது. கட்கியில் கடைசி யாத்திரைக்கு நடந்து வந்த பழைய தொழிற்சாலைக்காரர்கள் அனைவருக்கும் கைகூப்புகிறேன்.

வரும் ஞாயிறு காலை செல்வியின் வீட்டில் படையல். அவளும் அவள் மாமியாரும்தான் சமைக்கிறார்கள். எல்லோரும் வந்து, தரையில் இலை போட்டு உட்கார்ந்து, வயிறாரச் சாப்பிட்டுப் போக வேண்டும். அதற்கு மனம் ஒப்பாதவர்கள் அன்று வாகட்டுக்குப் போகலாம். அங்கே கார் நிற்கும் இடத்திலிருந்தே லிஃப்ட் இருக்கிறது. மண்ணில் கால் வைக்க வேண்டியதில்லை.

நீங்காத துயருடன்,
மகள் செல்வி, மருமகன் நிதின்,
போன மாதம் நடக்கத் தொடங்கிய பேத்தி,
தங்கை.