மைனஸ் ஒரு லிட்டர்

என் அத்தான் பெயின்டர். இருபது வருடமாகச் சுவரைக் கண்ணால் அளந்து பெயின்ட் வாங்கியவர்; ஒரு தடவைகூடச் சரியாக இருந்ததில்லை. கடைசிச் சுவருக்கு வரும்போது டப்பா காலி. மறுபடி கடைக்குப் போனால் அதே நிறம் கிடைக்காது, வீட்டுக்காரர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்வார். பார்க்கச் சகிக்காமல் நான்தான் ஓர் இணையதளம் செய்து கொடுத்தேன். நீளம், அகலம், உயரம், கதவு, ஜன்னல் என்று ஐந்து கோடுகள். விரலால் இழுக்க இழுக்கக் கீழே லிட்டர் கணக்கு மாறிக்கொண்டே வரும்.

அன்றிலிருந்து ஒரு சொட்டு மிஞ்சவுமில்லை, குறையவுமில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. தளம் சொல்லாமல் பிரஷ்ஷை நனைக்க மாட்டார்.

ஊரார் சுவரெல்லாம் பளபளக்க, சொந்தச் சமையலறை மட்டும் கரி பிடித்துக் கிடந்தது. அக்கா பதினெட்டு வருடமாக மஞ்சள் அடிக்கச் சொல்லி அலுத்துவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒருவழியாக அத்தான் போனும் கையுமாக அங்கே நுழைந்தார். எட்டடி நீளம், ஏழடி அகலம், ஒன்பதடி உயரம். கதவு ஒன்று. ஜன்னல் இருபத்தைந்து.

"இருபத்தஞ்சா?" என்றேன்.

இருந்தது ஒரே ஜன்னல். அதற்கு மேலே காற்றுக்காகச் சிமெண்ட் ஜாலி. அதில் இருபத்துநாலு ஓட்டை. நேர்மையான மனிதர், ஒன்றையும் விடவில்லை.

"அது ஓட்டை, அத்தான்."

"காத்து வருதா இல்லையா? வெளிச்சம் வருதா இல்லையா? அப்ப ஜன்னல்தான், மாப்ள."

தளம் ஒவ்வோர் ஓட்டைக்கும் ஒரு முழு ஜன்னலைக் கழித்து, மைனஸ் ஒரு லிட்டர் என்றது. பூஜ்யத்துக்குக் கீழே போகாமல் தடுக்க மறந்த முட்டாள் நான்.

அத்தான் சுரண்டும் தகட்டோடு வந்தார். "ஏற்கனவே ஒரு லிட்டர் அதிகமா அடிச்சிருக்கு. எடுத்தாத்தான் கணக்கு நேராகும்" என்று சுவரைச் சுரண்டி, உதிர்ந்ததை லிட்டர் குவளையில் பிடிக்க ஆரம்பித்தார்.

அக்கா அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அவள் போனை வாங்கி நீளக் கோட்டை மெல்ல இழுத்தாள். மைனஸ் போயிற்று. பூஜ்யம், ஒன்று, இரண்டு. இருபத்திரண்டு அடியில் விரலை எடுத்தாள். நாலு லிட்டர்.

"பொய்க் கணக்கு, அக்கா."

"எவ்வளவு நீளம் வேணும்னு என்னை இதுதான் முதல்ல கேட்டுச்சு. நீங்க ரெண்டு பேரும் கேட்டீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தான் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். தளம் சொன்ன எண்ணை மீறி அவருக்குப் பழக்கமில்லை. சமையலறையை ஒட்டி அவருடைய சாமான் அறை, பதினாலு அடி நீளம். டப்பாவையும் ஏணியையும் தவிர அங்கே யாருக்கும் இடமில்லை. நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். போய்ச் சம்மட்டியை எடுத்துவந்தார்.

அக்கா அடுப்பை அணைத்தாள். தூசி படாமல் பாத்திரங்களை மூடிவைத்துவிட்டு, முதல் அடி எங்கே விழ வேண்டும் என்று சுவரில் காட்டினாள்.